நடு எஞ்சின் காரின் பந்தய அமைவு

பந்தய வீடியோ விளையாட்டுகளில் ஒரு காரின் டயர் அழுத்தம், பிரேக் பங்கீடு, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரக் கோணங்கள், டிஃபரன்ஷியல், கியர் விகிதம் ஆகியவற்றை ஒரு குறிப்பிட்ட பந்தயத் தடத்துக்கு ஏற்ப மாற்றுவது அமைவு எனப்படும். விளையாடுவோர் இதை செட்டப் என்றும் டியூனிங் என்றும் அழைக்கின்றனர். எடை குறைந்த நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்கள் இவ்வகை விளையாட்டுகளில் பெரிதும் விரும்பப்படுபவை. புதியவர்கள் அடிக்கடி சுழன்று தடத்தை விட்டு வெளியேறுவதும் இந்தக் கார்களில்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: எடையின் பெரும்பகுதி காரின் நடுவில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் குவிந்திருப்பது.

இக்கட்டுரை அத்தகைய காரின் அமைவை இயற்பியல் அடிப்படையில் விளக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

## நடு எஞ்சின் அமைப்பு

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் அமைந்த கார் நடு எஞ்சின் கார் ஆகும். எஞ்சின் பின் அச்சையும் தாண்டி இருந்தால் அது பின் எஞ்சின் கார். 2009 இல் விற்பனைக்கு வந்த டாடா நானோவின் எஞ்சின் பின்பகுதியில் இருந்தது. அதன் முன் டயர்கள் 135 மி.மீ. அகலமும் பின் டயர்கள் 155 மி.மீ. அகலமும் கொண்டவை. எடை எங்கே இருக்கிறதோ அங்கே அகலமான டயர் தேவை என்பதற்கு நம் சாலைகளில் கண்ட சான்று அது.

நடு எஞ்சின் அமைப்பு கார் பந்தயத்தின் வரலாற்றையே மாற்றியது. 1958 இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரியில் ஸ்டிர்லிங் மாஸ், எஞ்சின் பின்னால் அமைந்த கூப்பர் காரில் வென்றார். அடுத்த ஆண்டே ஜாக் பிராபம் அத்தகைய காரில் ஃபார்முலா 1 உலகப் பட்டத்தைப் பெற்றார். சில ஆண்டுகளில் முன் எஞ்சின் கார்கள் அப்போட்டியிலிருந்து மறைந்தன.

சாலைக் கார்களில் 1984 இல் வந்த டொயோட்டா எம்ஆர்2, 1991 இல் வந்த ஹோண்டா பீட், 1996 இல் வந்த லோட்டஸ் எலிஸ், பின்னர் வந்த ஆல்ஃபா ரோமியோ 4சி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. முதல் எலிஸின் எடை சுமார் 725 கிலோ மட்டுமே. கிரான் டூரிஸ்மோ, ஃபோர்சா, அசெட்டோ கோர்சா ஆகிய விளையாட்டு வரிசைகளில் இத்தகைய கார்கள் பல இடம்பெற்றுள்ளன.

இந்தக் கார்கள் எளிதில் திரும்புவது ஏன்? தண்டின் இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் சுமப்பவர் சட்டெனத் திரும்ப முடியாது. அதே எடையை இடுப்பருகே அணைத்துச் சுமப்பவர் எளிதாகத் திரும்புவார். எடை சுழற்சி மையத்துக்கு அருகில் இருந்தால் நிலைமத் திருப்புத்திறன் குறையும். எனவே ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பினாலே கார் திரும்பிவிடுகிறது. பின் டயர்கள் பிடிப்பை இழந்தால் அதே வேகத்தில் சுழன்றும் விடுகிறது. முன் எஞ்சின் கார் சறுக்கத் தொடங்குவதை உணர்ந்து திருத்தக் கிடைக்கும் நேரம் இங்கே கிடைப்பதில்லை.

## இருங்காட்டுக்கோட்டையும் நடு எஞ்சின் கார்களும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழி இந்தியாவின் முக்கியமான கார் உற்பத்திப் பகுதிகளில் ஒன்று. 1998 இல் சான்ட்ரோ காருடன் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. ரெனோ–நிசான் கூட்டணி 2010 இல் திறந்த ஆலை ஒரகடத்தில் உள்ளது. இவ்வாலைகளிலிருந்து வெளிவரும் குடும்பக் கார்கள் பொதுவாக முன்பக்கத்தில் எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்டவை. பயணிகளுக்கும் சாமான்களுக்கும் அதிக இடம் தருவதும், தவறு செய்யும் ஓட்டுநரை ஓரளவு பொறுத்துக்கொள்வதும் அந்த அமைப்பே.

நடு எஞ்சின் கார்களைக் காண வேண்டுமானால் அதே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்துக்குச் செல்ல வேண்டும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான இத்தடம் 1990 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த கிளப் சோழவரத்தில் உள்ள பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தி வந்தது. இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் எனப்படும் இத்தடத்தின் முழு நீளம் 3.717 கி.மீ.; இதில் 12 திருப்பங்கள் உள்ளன.

இங்கு ஓடிய ஒற்றை இருக்கைக் கார்களில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால்தான். ஃபார்முலா 1 போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை இத்தடத்தில் ஃபார்முலா மாருதி காரில் ஓட்டினார். எம்ஆர்எஃப் சாலஞ்ச் தொடரின் 2018–19 பட்டத்தை பிரிட்டனின் ஜேமி சாட்விக் வென்றபோது அத்தொடரின் இறுதிச் சுற்று இங்குதான் நடந்தது. அப்பட்டத்தை வென்ற முதல் பெண் அவரே. 2022 இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக் போட்டியில் ஓடிய வுல்ஃப் ஜிபி08 தண்டர், மோட்டார் சைக்கிளுக்காக உருவான ஏப்ரிலியா எஞ்சினை நடுவில் பொருத்திய மிக இலகுவான கார் ஆகும்.

## எடை நகர்வு: ஒரு கணக்கு

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கியும், வேகமெடுக்கும்போது பின்னோக்கியும் நகர்வதாக உணர்கிறோம். பொருள் எதுவும் இடம் மாறுவதில்லை. டயர்களின் மேல் விழும் சுமைதான் மாறுகிறது. அதன் அளவைக் காண ஓர் எளிய வாய்பாடு உண்டு. காரின் எடையை வேகமாற்றத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். இங்கு வேகமாற்றம் புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காக எடுத்துக்கொள்ளப்படும்.

ஓட்டுநருடன் 900 கிலோ எடையுள்ள ஒரு நடு எஞ்சின் காரைக் கற்பனை செய்வோம். எடை முன்னும் பின்னும் 40:60 எனப் பிரிந்துள்ளது. ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.45 மீட்டர். அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.3 மீட்டர்.

- நிற்கும்போது: முன் 360 கிலோ, பின் 540 கிலோ.
- புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் நகரும் சுமை: 176 கிலோ.
- அப்போது: முன் 536 கிலோ, பின் 364 கிலோ. ஏறத்தாழ 60:40.
- அதில் பாதி அளவு வேகமெடுத்தால்: பின் 628 கிலோ. மொத்தத்தில் சுமார் 70%.

அதே 900 கிலோ எடையில், 62:38 எனப் பிரிந்த, 0.55 மீட்டர் உயர ஈர்ப்பு மையமும் 2.4 மீட்டர் அச்சுத் தூரமும் கொண்ட முன் எஞ்சின் காரை ஒப்பிடுவோம். அதே பிரேக்கில் முன் டயர்கள் 764 கிலோவையும் பின் டயர்கள் வெறும் 136 கிலோவையும் தாங்கும். அங்கே பின் டயர்களுக்கு வேலையே இல்லை. நடு எஞ்சின் காரில் நான்கு டயர்களும் பிரேக்குக்கு உதவுகின்றன. வேகமெடுக்கும்போது, இயங்கும் பின் சக்கரங்களின் மேல் சுமை கூடுகிறது. இவை அதன் பெரும் பலன்கள்.

ஆபத்து திருப்பத்தின் நடுவில் இருக்கிறது. பிடிப்பின் எல்லையில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினின் தடையால் மட்டுமே 35 கிலோ அளவிலான சுமை பின்னிருந்து முன்னுக்குப் போய்விடலாம். முன் டயர்களின் பிடிப்பு கூடும். பின் டயர்களின் பிடிப்பு குறையும். பின்பகுதியின் 540 கிலோவோ தன் போக்கில் வெளிநோக்கிச் செல்ல முயலும். கார் சுழல்வது இப்படித்தான்.

ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ இந்த மொத்தச் சுமை மாற்றத்தைக் குறைப்பதில்லை. அந்த மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறது, பக்கவாட்டுச் சுமையில் முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு ஏற்கிறது என்பவற்றையே அவை தீர்மானிக்கின்றன. எனவே நல்ல அமைவின் நோக்கம், ஏற்கெனவே வேகமாகத் திரும்பும் காரை இன்னும் வேகமாகத் திரும்பச் செய்வதன்று. சுமை மாறுவதை ஓட்டுநர் முன்கூட்டி உணரும்படி செய்வதே.

## அமைவைச் சீராக்கும் வரிசை

### டயர் அழுத்தம்

முதலில் சரிசெய்ய வேண்டியது இதுவே. டயர் சரியில்லாமல் வேறு எதை மாற்றினாலும் முடிவு குழப்பும். காற்று சூடாகும்போது அழுத்தம் உயரும். 30 பாகை செல்சியஸில் 26 பி.எஸ்.ஐ. அடைத்த டயர் 70 பாகையை எட்டும்போது சுமார் 31 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 1.3 பி.எஸ்.ஐ. உயர்கிறது. ஆகவே நான்கைந்து சுற்றுகள் ஓடிச் சூடேறிய பின் உள்ள அழுத்தத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்நாட்டுத் தட்பவெப்பத்தில் உருவாக்கிய அமைவை, விளையாட்டில் சென்னைக் கோடையின் வெப்பநிலையை வைத்து ஓட்டினால் அழுத்தம் கூடிப் பிடிப்பு குறையும்.

### பிரேக் பங்கீடு

மேற்கண்ட கணக்கின்படி முழு பிரேக்கில் சுமை 60:40 எனப் பிரிகிறது. எனவே முன் பிரேக்கின் பங்கு 60 சதவீதத்துக்குச் சற்று மேலே, 62 முதல் 64 வரை இருப்பது பாதுகாப்பான தொடக்கம். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் நேராகப் போகும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் சுழலும்.

மழையில் கணக்கு மாறும். ஈரத் தடத்தில் 0.6 மடங்கு மட்டுமே வேகம் குறைக்க முடியும் என்றால் முன் டயர்களின் பங்கு சுமார் 52 சதவீதமே. வடகிழக்குப் பருவமழைச் சூழலை விளையாட்டில் அமைத்து ஓட்டுபவர் பங்கீட்டைச் சில சதவீதம் பின்னுக்குத் தள்ளினால் குறைந்த தூரத்தில் நிற்க முடியும். ஒரே நேரத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் மாற்றாமல் இருப்பது நல்லது.

### ஸ்பிரிங்

முன்னும் பின்னும் ஒரே கடினம் கொண்ட ஸ்பிரிங்கை வைப்பது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. ஒப்பிட வேண்டியது ஸ்பிரிங்கின் கடினத்தையன்று. அது தாங்கும் எடையுடன் சேர்ந்து தரும் இயல்பு அதிர்வெண்ணை. கிரான் டூரிஸ்மோ 7 விளையாட்டில் ஸ்பிரிங் அளவு நேரடியாக ஹெர்ட்ஸில் காட்டப்படுவது இதனால்தான்.

நம் எடுத்துக்காட்டுக் காரில், சக்கரம் முதலிய பாகங்களின் எடையைக் கழித்தால், ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் சுமார் 150 கிலோவையும் பின் ஸ்பிரிங் 235 கிலோவையும் தாங்கும். இரண்டிலும் 2 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வேண்டுமானால் சக்கரத்தில் உணரப்படும் கடினம் முன்னால் மி.மீ. ஒன்றுக்கு 24 நியூட்டனாகவும் பின்னால் 37 நியூட்டனாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் 30 என வைத்தால் முன் 2.25 ஹெர்ட்ஸ், பின் 1.8 ஹெர்ட்ஸ் ஆகும். முன்பகுதி விறைத்துத் திரும்ப மறுக்கும். வேகமெடுக்கும்போது பின்பகுதி தாழ்ந்து அமுங்கும்.

### ஆன்டி ரோல் பார்

திருப்பத்தில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி இது. எந்த அச்சில் இதைக் கடினமாக்குகிறோமோ அந்த அச்சின் வெளிப்பக்க டயர் அதிகச் சுமை ஏற்கும். டயரின் மேல் சுமை இரு மடங்கானாலும் பிடிப்பு இரு மடங்காவதில்லை. எனவே அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். நடு எஞ்சின் காரில் பின் கம்பியை மென்மையாக வைத்துத் தொடங்குவது வழக்கம். சமநிலையைச் சிறிது சிறிதாக மாற்ற இதுவே ஏற்ற கருவி.

### ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங் அமுங்கும்போதும் விரியும்போதும் எவ்வளவு தடை தர வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. காலை எடுத்ததும் பின்பகுதி எழும்புகிறது. அப்போது பின் ஷாக்கின் விரிவுத் தடை மிகக் கடினமாக இருந்தால் பின் டயர்களின் சுமை திடீரெனக் குறையும். சற்று மென்மையாக்கினால் அந்த மாற்றம் படிப்படியாக நிகழும். திருப்பத்தின் நுழைவில் மட்டும் தோன்றும் சுழற்சிக்கு இங்கே தீர்வு தேடலாம்.

### சக்கரக் கோணங்கள்

பின் சக்கரங்களின் முன்முனைகள் சற்று உள்நோக்கி இருப்பது டோ இன் எனப்படும். 0.1 முதல் 0.2 பாகை வரையிலான டோ இன் பின்பகுதிக்கு நிதானம் தரும். மிகுந்தால் டயர் சூடாகி நேர்பாதையில் வேகம் குறையும். கேம்பர் என்பது சக்கரத்தின் மேல்முனை உட்சாய்ந்திருக்கும் அளவு. டயரின் உட்புறம், நடு, வெளிப்புறம் ஆகிய மூன்று இடங்களின் வெப்பநிலையை விளையாட்டு காட்டுமானால், உட்புறம் சில பாகை மட்டுமே அதிகமாக இருக்கும்படி கேம்பரை அமைக்கலாம்.

### டிஃபரன்ஷியல், இறக்கை, கியர்

டிஃபரன்ஷியலில் வேகம் குறையும்போதான பூட்டு அளவைக் கூட்டினால் காலை எடுக்கும்போது பின் சக்கரங்கள் இணைந்து சுழன்று காரை நேராக வைத்திருக்கும். மிகுந்தால் கார் திரும்பாது. பின் இறக்கை வேகமான திருப்பங்களில் மட்டுமே உதவும். மெதுவான திருப்பத்தில் சுழலும் காரை இறக்கையால் குணப்படுத்த முடியாது. மிக நீளமான நேர்பாதையின் முடிவில் கடைசி கியரில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை நெருங்கும்படி இறுதி விகிதத்தை அமைத்தால் போதுமானது.

## அறிகுறியும் திருத்தமும்

- நுழைவில் காலை எடுத்ததும் பின்பகுதி வீசுகிறது: வேகம் குறையும்போதான டிஃபரன்ஷியல் பூட்டைக் கூட்டலாம், பின் ஷாக்கின் விரிவுத் தடையைக் குறைக்கலாம்.
- பிரேக் பிடித்தபடி திரும்பும்போது சுழல்கிறது: பிரேக் பங்கீட்டை ஒரு சதவீதம் முன்னுக்கு மாற்றலாம்.
- திருப்பத்தின் நடுவில் முன்பகுதி வெளியே தள்ளுகிறது: முன் ஆன்டி ரோல் பாரை மென்மையாக்கலாம்.
- வெளியேறும்போது பின்பகுதி சறுக்குகிறது: பின் ஆன்டி ரோல் பாரை மென்மையாக்கலாம், பின் டயர் வெப்பத்தைப் பார்க்கலாம்.
- வெளியேறும்போது முன்பகுதி திரும்ப மறுக்கிறது: ஆக்சிலரேட்டரை முன்னதாக அழுத்துவதே பெரும்பாலும் காரணம். முன் டயர்களில் சுமை குறைந்துவிடுவதால் இவ்வாறு நிகழ்கிறது. இது அமைவின் குறையன்று.

## சோதிக்கும் முறை

இணையத்தில் கிடைக்கும் வேகமான ஓட்டுநரின் அமைவை அப்படியே எடுத்துக்கொள்வது பலரின் வழக்கம். அவர் காலை எடுக்கும் விதமும் பிரேக்கை விடும் விதமும் வேறு. அவர் கையில் நிதானமாக ஓடிய கார் மற்றவர் கையில் சுழலக்கூடும்.

சிறந்த வழி, விளையாட்டு தரும் இயல்பான அமைவில் எரிபொருள் அளவையும் தட்பவெப்பத்தையும் மாற்றாமல் ஐந்து சுற்றுகள் ஓடி நேரங்களைக் குறித்துக்கொள்வது. பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் ஐந்து சுற்றுகள் ஓட வேண்டும். மிகக் குறைந்த நேரத்தை மட்டும் பார்க்காமல், ஐந்து நேரங்களும் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் அரை நொடி லாபம் தந்து அடுத்த சுற்றில் சுழலவைக்கும் அமைவு பந்தயத்துக்கு உதவாது.

## விளையாட்டின் வரம்புகள்

ஒவ்வொரு விளையாட்டும் டயரைத் தன் வழியில் கணக்கிடுகிறது. எனவே ஒன்றில் கண்ட எண்களை மற்றொன்றுக்கோ உண்மைக் காருக்கோ கொண்டுசெல்ல முடியாது. எதை மாற்றினால் கார் எந்தத் திசையில் மாறும் என்ற அறிவு மட்டுமே உடன் வரும். உண்மைக் காரில் பின்பகுதி நழுவுவதை ஓட்டுநர் இருக்கை வழியாக உடலால் உணர்கிறார். திரையின் முன் அமர்ந்தவர் கண்ணாலும் காதாலும் தாமதமாக அறிகிறார். அதனால் விளையாட்டில் கார் சற்று அதிக நிதானமாக அமைக்கப்பட வேண்டியிருக்கிறது.

விளையாட்டில் சுழன்றால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். சாலையில் அந்தப் பொத்தான் இல்லை. சரக்கு லாரிகளும் ஆலைப் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் நிறைந்த சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலோ ஒரகடம் சாலையிலோ இவற்றை முயன்று பார்ப்பது உயிருக்கு ஆபத்து. அதற்கெனப் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் அமைந்த இடமே பந்தயத் தடம்.

## மாணவர்களுக்குப் பயன்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார்களுடன் போட்டியிடும் சுப்ரா எஸ்ஏஇ இந்தியா போட்டி 2011 இல் முதன்முதலாக இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடைபெற்றது. இத்தகைய போட்டிக் கார்களில் எஞ்சின் பொதுவாக ஓட்டுநருக்குப் பின்னால் அமைக்கப்படுகிறது. ஆகவே இக்கட்டுரையில் கண்ட எடை நகர்வு, பிரேக் பங்கீடு, ஸ்பிரிங் அதிர்வெண் ஆகிய கணக்குகளை மாணவர்கள் வடிவமைப்பு நிலையிலேயே போட வேண்டியிருக்கிறது. உண்மைக் காரில் ஸ்பிரிங்கை மாற்ற நேரமும் பணமும் தேவை. விளையாட்டில் அதே மாற்றத்தின் விளைவைச் சில நிமிடங்களில் காணலாம்.

விளையாட்டிலிருந்து உண்மைத் தடத்துக்குச் சென்றவர்களும் உண்டு. நிசானும் பிளேஸ்டேஷனும் 2008 இல் தொடங்கிய ஜிடி அகாடமி, கிரான் டூரிஸ்மோ விளையாடியவர்களிலிருந்து பந்தய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுத்தது. 2011 இல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ பின்னர் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடினார்.

எல்லா விளையாட்டாளர்களும் பந்தய ஓட்டுநர்கள் ஆகப்போவதில்லை. ஆனால் கார் ஏன் சுழன்றது என்ற கேள்விக்கு "அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லாமல், எந்த டயரின் மேல் எவ்வளவு சுமை குறைந்தது என்று விடை தேடப் பழகியவர் வாகனப் பொறியியலின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டார்.